மிதிகயிற்றில் ஏறிய பாரம்

நான் எஞ்சின் திருத்துகிறவன். கற்பிட்டியில் வள்ளங்களுக்குப் பூட்டுகிற எஞ்சின் பழுதானால் பாதிக்குமேல் என்னிடம்தான் வரும். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பிளக்கில் பிழை, இல்லாவிட்டால் எண்ணெயில் தண்ணீர், அதுவும் இல்லாவிட்டால் ஓட்டுகிறவனில் பிழை, இந்த மூன்றையும் தாண்டி நாலாவது காரணம் ஒன்றை நான் கண்டதில்லை. யாராவது வந்து கண்ணூறு பட்டுவிட்டது என்று சொன்னால் பிளக்கைக் கழற்றி அவர் கையிலேயே வைத்து, இதுதான் உங்கள் கண்ணூறு, கரி பிடித்திருக்கிறது, துடைத்துக்கொண்டு போங்கள் என்பேன். ஜின் உண்டா என்று கேட்டால் குர்ஆனில் இருக்கிறது, மறுக்க நான் யார். ஆனால் அந்த ஜின்னுக்கு ஆலங்குடாத் தென்னந்தோப்பில் என்ன வேலை என்றுதான் கேட்பேன். உம்மாவுக்கு இந்தக் கதை பிடிக்காது. "வாயக் கழுவுடா" என்பார்.

அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். சிரிக்கிறதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். நடந்து நாலு வருடமாகிறது, இரவில் நடக்கவில்லை, சுடுகாட்டில் நடக்கவில்லை, பின்னேரம் மூன்று மணிக்கு, பட்டப்பகலில், கடலுக்கு மேலே நடந்தது.

அந்த வருடம் எங்கள் பக்கத்துக்கு வெளிநாட்டுப் பாய்க்கப்பல் ஒன்று வந்தது. இளம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுபோய்க் கப்பல் வேலை பழக்குவதற்கென்றே ஓடுகிற கப்பல். இரண்டு பாய்மரம், முன்மரத்தில் குறுக்கு மரங்கள், அந்தக் குறுக்கு மரத்தைத்தான் எங்கள் ஆட்கள் பருமல் என்பார்கள், அதிலிருந்துதான் பாய் தொங்கும். கரையோரம் ஆழம் போதாது என்று வெளியே நங்கூரம் போட்டு நின்றது. மாவட்டத்தில் பன்னிரண்டு பேரைத் தெரிவு செய்து பத்து நாள் கொண்டுபோவதாக அறிவித்தார்கள். எஞ்சின் தெரிந்தவன் என்று என்னை எடுத்தார்கள், ஏறிய பிறகு பார்த்தால் அந்தக் கப்பலில் எஞ்சினைத் தொடுவதே வெட்கக்கேடு என்கிறமாதிரி இருந்தார்கள். நல்ல தெரிவுதான்.

பன்னிரண்டு பேரும் உங்களுக்கு வேண்டாம், மூன்று பேர் போதும். ஒன்று நான், இர்ஷாத். இரண்டாவது டிலானி. உச்சமுனைத் தீவில் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை, அப்போது இருபது வயது, அகப்பைக் காம்பு மாதிரி மெல்லிய உடம்பு, ஆனால் பயம் எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்கிற ரகம். கப்பலில் வேலை எடுத்துப் போகவேண்டும் என்பது அவளுடைய பள்ளிக்கூடக் காலத்து ஆசை, இந்தப் பத்து நாளை ஒழுங்காக முடித்தால் அந்த வாசல் திறக்கும் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாவது அன்ரன். யுத்தத்தில் வன்னியிலிருந்து வந்து எங்கள் பக்கம் குடியேறிய குடும்பம், ஐஸ் பெக்டரியில் கட்டி தூக்குகிற வேலை, ஐஸ் கட்டியை விட அவன்தான் பாரம். கடலில் கால் நனைக்கவே யோசிக்கிறவன் ஏன் விண்ணப்பம் போட்டான் என்று கேட்டால், டிலானி போட்டாள், அதனால் அவனும் போட்டான். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது, அல்லது தெரியாதமாதிரி இருந்தாள், அந்தக் கணக்கு எனக்கு விளங்குவதில்லை.

கப்பல் ஏறுவதற்கு முன் ஒரு மாதம், சனிக்கிழமைகளில் ஆலங்குடாவில் தரைப் பயிற்சி. இரண்டு தென்னைக்கு நடுவில் ஒரு மரத்தைக் குறுக்கே கட்டி, அதற்குக் கீழே ஒரு கயிற்றைத் தொய்வாகத் தொங்கவிட்டிருப்பார்கள். உண்மைப் பருமலிலும் இப்படித்தான், கயிற்றில் கால் வைத்து, மரத்தின்மேல் வயிற்றைச் சாய்த்து, இரண்டு கையாலும் பாயைச் சுருட்டவேண்டும். அந்தக் கயிற்றுக்கு நாங்களே மிதிகயிறு என்று பெயர் வைத்தோம். அதில் ஒரு சங்கதி இருக்கிறது, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் ஏறினால் அவன் நிற்கிற இடத்தில் கயிறு தாழும், மற்ற இடத்தில் எழும்பும். அன்ரன் ஏறினால் சொல்லவே வேண்டாம், நாங்கள் எல்லாரும் ஒரு சாண் மேலே போய்வருவோம், "ஆனை ஏறிட்டுது" என்று கத்துவோம். டிலானிக்கு மட்டும் அது வசதி. அவள் உயரம் கட்டை, ஓரத்தில் நின்றால் கயிறு அவளுக்கு எட்டாமல் தொங்கும்.

"அன்ரன், நீ ஏறு. நீ ஏறினாத்தான் எனக்குக் கால் எட்டுது" என்பாள்.

அவன் ஏறுவான் பாருங்கள், அந்த முகத்தை. கொடியேற்றத்துக்குக் கூப்பிட்ட பிரதம விருந்தினர்கூட அவ்வளவு பெருமையாக ஏறமாட்டார்.

கப்பல் ஏற ஒரு கிழமை இருக்கும்போது நுரைச்சோலைப் பக்கம் அவனுடைய மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே ஒரு கழுதை வந்தது. எங்கள் பக்கத்துக் கழுதைகளைத் தெரியும்தானே, றோட்டு தங்கள் பாட்டன் எழுதிவைத்தது என்ற நினைப்பு. அன்ரன் கழுதையைக் காப்பாற்றப்போய் வலது காலை முறித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். வெள்ளை மாக்கட்டுப் போட்டுக் காலைத் தூக்கி வைத்திருந்தார்கள். அழுதிருக்கிறான், கண் வீங்கியிருந்தது, கழுதையை நினைத்து அழுததாகச் சொன்னான்.

"மச்சான், அவளப் பாத்துக்கொள்ளடா."

"அவ ஒன்னவிட நல்லா ஏறுவா. நீ ஒன்ட காலப் பாரு" என்றேன்.

அவ்வளவுதான் கதைத்தோம். அவனுக்குப் பதிலாக வேறொருவரை எடுத்துக்கொண்டு கப்பல் புறப்பட்டது. தென்மேற்குக் கச்சான் காற்று ஓய்ந்து வடகிழக்கு வாடை பிடிப்பதற்கு இடைப்பட்ட காலம், காலையில் கடல் எண்ணெய் ஊற்றியமாதிரி இருக்கும், பின்னேரமானால் இடியும் மழையும். ஏறிய உடனே போன்களை வாங்கி ஒரு பெட்டியில் பூட்டிவிட்டார்கள். இதையும் கவனியுங்கள், பத்து நாளும் கரையோடு எங்களுக்கு ஒரு சொல் தொடர்பு கிடையாது.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பு ரசிகா, நீர்கொழும்புப் பெண், என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட, சிங்களமும் உடைந்த தமிழும் கதைப்பாள், குரல் மட்டும் உடையாது. அவள் சொன்ன முதல் சட்டம், மிதிகயிற்றில் கால் வைக்க முன் சத்தமாகச் சொல்லவேண்டும், ஏற்கெனவே நிற்கிறவர் பதில் சொன்ன பிறகுதான் கால் வைக்கலாம். சொல்லாமல் ஏறினால் கயிறு திடீரென்று ஆடி மற்றவன் விழுவான். கப்பல்காரர் அதற்கு ஓர் இங்கிலீஷ் சொல் வைத்திருந்தார்கள், அது எங்கள் வாயில் வழுக்கியது. சிங்களப் பிள்ளைகள் ஒன்று சொன்னார்கள், நாங்கள் ஒன்று சொன்னோம், ஒரே சந்தை இரைச்சல். இரண்டாம் நாள் டிலானிதான் முடித்துவைத்தாள். ஏறுகிறவர் "மிதிக்கிறன்" என்று சொல்லவேண்டும், நிற்கிறவர் "மிதி" என்று சொல்லவேண்டும். எல்லாரும் ஒப்புக்கொண்டோம், சிலாபத்துச் சிங்களப் பையன்கள்கூட அதையே கத்தினார்கள். தரைப் பயிற்சியில் இந்தச் சொல் இருக்கவில்லை, அது கப்பலில் பிறந்த சொல்.

இதில் நான் மோசம். பதில் சொல்ல எனக்குச் சுணங்கும். காரணம் வாப்பா. மன்னாரில் பிறந்து, தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கைவிட்டு வெளியேற்றியபோது இங்கே வந்தவர், இரண்டு கரையிலும் கடலுக்குப் போனவர். கடலில் பின்னாலிருந்து குரல் கேட்டால் ஒரு தரத்துக்குப் பதில் சொல்லாதே, இரண்டு தரத்துக்கும் சொல்லாதே, மூன்றாம் தரமும் கூப்பிட்டால்தான் அது மனிசன் என்பார். பத்து வயதிலிருந்து அவரோடு வள்ளத்தில் போனவன் நான். புத்தி அதைக் கேட்டுச் சிரிக்கும், நாக்குச் சிரிக்காது, தானாகப் பூட்டிக்கொள்ளும். "மல்லி, ஹயியென்! வாயில என்ன, சோறா?" என்று ரசிகா கீழிருந்து கத்துவாள். தம்பி, சத்தமாகச் சொல் என்கிறாள்.

இன்னொரு பிழையும் எங்கள் கரையோரத்துப் பிள்ளைகள் எல்லாரும் விட்டோம். இடுப்புப் பெல்ட்டின் கொளுக்கியைப் பருமலின் மேலே ஓடுகிற இரும்புக் கம்பியில் மாட்டவேண்டும். எங்களால் முடியவில்லை. உப்புக்காற்றில் இரும்பு என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும், வீட்டு யன்னல் கம்பியைக் கையால் முறித்த ஆட்கள் நாங்கள். இரும்பைக் கண்டால் கை தானாக விலகிப்போய்ப் பக்கத்தில் இருக்கிற கயிற்றில் மாட்டும். சிலாபம் டவுன் பிள்ளைகள் சொன்னபடி கம்பியில் மாட்டினார்கள், கடலில் பிறந்த நாங்கள்தான் ஏச்சு வாங்கினோம். நாலைந்து நாளில் பழகிவிட்டோம். பழகிவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

எட்டாம் நாள், வியாழக்கிழமை. மன்னார்க் கடல் பக்கம் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தோம், காலையில் தூரத்தில் தெரிந்த கரையை வாப்பாவுக்காக நின்று பார்த்துவிட்டு வந்தேன். பின்னேரம் மூன்று மணியளவில் தெற்கே வானம் கறுத்தது. மேல் பாயைச் சுருட்டக் கட்டளை வந்தது. மேல் பாய் சின்னது, ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர் போதும். இடப்பக்கம் சிலாபத்துப் பையன்கள் இரண்டு பேர், வலப்பக்கம் டிலானியும் நானும். இரண்டு பக்கத்துக்கும் மிதிகயிறு வேறு வேறு. டிலானி ஓரத்துக்குப் போனாள், நான் பாய்மரத்துக்குப் பக்கமாக நின்றேன். ரசிகா எங்களுக்குக் கீழே, பாய்மரத்தின் நடுத்தட்டில் நின்றாள். மேலே வருகிற யாரும் அவளைத் தாண்டித்தான் வரவேண்டும், வேறு வழி இல்லை.

பாதி சுருட்டியிருப்போம், மழை வந்தது. வந்தது என்று சொல்லக்கூடாது, விழுந்தது. என் கையே எனக்குத் தெரியவில்லை. கீழே தளம் இல்லை, கடல் இல்லை, எல்லாம் ஒரே சாம்பல். நனைந்த பாய்க்குள் காற்றுப் புகுந்து ஒரு வீச்சு வீசியது, டிலானியின் நெஞ்சுக்குக் கீழே அடித்தது. அவள் கால் இரண்டும் கயிற்றைவிட்டுப் போய்விட்டன. வயிறு மரத்தில் கிடக்க, கால் இரண்டும் அந்தரத்தில் நீந்துகின்றன. நான் அவள் இடுப்பைப் பார்த்தேன், பெல்ட் இருக்கிறதுதானே என்று. கொளுக்கி கம்பியில் இல்லை. பாய் கட்டுகிற கயிற்றில் மாட்டியிருந்தாள். அவசரத்தில் அவளுடைய கை பழைய உச்சமுனைப் பழக்கத்துக்குப் போய்விட்டது. அந்தக் கயிற்றின் மறுமுனை அவிழ்ந்து கிடந்தது, கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு போனது.

"இர்ஷாத், கயிறு எட்டேல்ல! கால் எட்டேல்ல!"

நான் என்ன செய்யவேண்டும், சொல்லுங்கள். அவளிடம் போனால் என் பாரத்தில் கயிறு அவளுக்குக் கீழே இன்னும் தாழும், எட்டுகிறதும் எட்டாமல் போகும். போகாவிட்டால் அவள் கைவிட்டுவிடுவாள். பாய்மரத்தின் பக்கம் ஒரு பாரம் ஏறவேண்டும், அதுதான் வழி, அது எனக்குத் தெரியும், ஆலங்குடாவில் நூறு தரம் பார்த்தது. ரசிகாவைக் கூப்பிட்டேன், இடியில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் உறைந்துபோனேன். எஞ்சின் பிடித்துக்கொண்டமாதிரி கை கால் எல்லாம் இறுகிவிட்டது. கலிமாகூட வாயில் வரவில்லை.

அப்போது இடப்பக்கமாக, பாய்மரத்தின் பக்கம், என் காதுக்கு ஒரு முழத் தூரத்தில் கேட்டது.

"மிதிக்கிறன்."

திரும்பினேன். பாய்மரம் இருக்கிறது, மழை இருக்கிறது, ஆள் இல்லை. என் நாக்குப் பூட்டிக்கொண்டது. ஒன்றையும் நம்பாத இந்த இர்ஷாத், வாப்பாவின் பிள்ளையாக, வாயை மூடிக்கொண்டு நின்றான்.

"மிதிக்கிறன்."

யாருடைய குரல் என்று இரண்டாம் தரத்தில் தெரிந்துவிட்டது. கதைக்க முன் அன்ரன் மூக்கால் ஒரு பெரிய மூச்சு விடுவான், அந்த மூச்சும் கேட்டது. கூடவே ஒரு மணம், கசப்பான எண்ணெய் மணம், எனக்குப் பழக்கமில்லாத மணம், அந்த மழையிலும் மூக்கில் ஏறியது. டிலானியின் ஒரு கை மரத்திலிருந்து வழுக்கியது.

மூன்றாம் தரம் அவன் அவசரப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னான், நான் பதில் சொல்லும்வரை ஏறமாட்டேன் என்கிறமாதிரி, சட்டத்தை மதிக்கிற பிள்ளை மாதிரி.

"மிதிக்கிறன்."

"மிதி!" என்று கத்தினேன்.

கயிறு தாழ்ந்தது. நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள், எனக்கு இடப்பக்கத்தில், ஒருவருமில்லாத இடத்தில், கயிறு ஒரு பள்ளம் விழுந்து கீழே போனது. நான் ஒரு சாண் மேலே எழும்பினேன். எனக்கு வலப்பக்கத்தில் கயிறு விறைத்துக்கொண்டு எழும்பி வந்து டிலானியின் கால் இரண்டுக்கும் கீழே நின்றது. அவள் மிதித்தாள். நிமிர்ந்தாள். கொளுக்கியைக் கழற்றி இரும்புக் கம்பியில் மாட்டினாள். அந்தச் சத்தம் இருக்கிறதே, இரும்பில் இரும்பு மாட்டுகிற அந்த "டிக்", அதுபோல ஒரு சத்தத்தை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. நான் அழுதேன், மழை பெய்ததால் யாருக்கும் தெரியாது.

திரும்பி வரும்போது நான்தான் முன்னால். பாய்மரத்துக்குப் போக அந்தப் பள்ளத்தைத் தாண்டவேண்டும். ஓர் அடி வைத்தேன், பள்ளம் ஓர் அடி பின்னால் போனது. இன்னோர் அடி, அதுவும் இன்னோர் அடி. எங்களுக்கு வழிவிட்டு முன்னே நடக்கிறமாதிரி, ஆனால் ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறமாதிரி, ஒரு தரம் ஆழமாக, ஒரு தரம் லேசாக. பாய்மரத்தடியில் கயிறு சட்டென்று எழும்பி வெறுமையாக ஆடியது. எனக்கு அந்த நேரம் பயமே வரவில்லை, அதைத்தான் இன்றைக்கும் யோசிக்கிறேன், ஒரு கூட்டாளியோடு வருகிற நிம்மதிதான் இருந்தது.

தளத்துக்கு வந்து தேத்தண்ணிக் கோப்பையோடு ஓர் ஓரமாகக் குந்தினேன். ரசிகா பக்கத்தில் வந்து அமர்ந்தாள். டிலானிக்கு ஏசுவாள் என்று நினைத்தேன், ஏசவில்லை.

"இர்ஷாத் மல்லி, மேல உங்கட பக்கம் எத்தன பேர்?"

"ரெண்டு."

"நான் கீழ இருந்து பாத்தது. கயிறு மூணு இடத்தில கீழ" என்றாள். பிறகு கண்ணுக்குள் மழை விழுந்திருக்கும் என்று அவளே சொல்லிவிட்டு எழும்பிப் போனாள்.

டிலானி பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள், செத்துப் பிழைத்தவள் மாதிரியே இல்லை. கப்பல் சரிந்ததில் கயிறு எழும்பியிருக்கும் என்பது அவளுடைய முடிவு. ஆனால் ஒன்று கேட்டாள்.

"நீ ஏன் மிதி எண்டு கத்தினனீ? ஆருக்குச் சொன்னனீ?"

அவளுக்கு என் பதில் மட்டும் கேட்டிருக்கிறது, முன்னால் வந்த குரல் கேட்கவில்லை. "ஒனக்குத்தான்" என்று சொன்னேன்.

கரைக்கு வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேரே அன்ரன் வீடு. வழியெல்லாம் ஒரே யோசனை, அவனுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ, செத்தவர்கள்தானே இப்படி வருவார்கள் என்று. வாசலிலேயே அந்த மணம் அடித்தது. அதே கசப்பு எண்ணெய். உள்ளே போனால் உயிரோடு கட்டிலில் கிடக்கிறான், மாக்கட்டைக் காணவில்லை, காலில் மூங்கில் தப்பை வைத்து எண்ணெய்த் துணி சுற்றியிருக்கிறது. நாங்கள் கப்பல் ஏறிய மறுநாள் அவனுடைய அம்மா ஆஸ்பத்திரியில் சொன்னதைக் கேளாமல் துண்டு வெட்டி அவனை வெளியே எடுத்து முன்னேஸ்வரம் பக்கத்து முறிவு வைத்தியரிடம் கொண்டுபோயிருக்கிறார். அது எனக்குத் தெரியாது, எப்படித் தெரியும், போன் பெட்டிக்குள் அல்லவா இருந்தது.

அவனுடைய அம்மா என்னைக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, ஆருக்கும் சொல்லாத. போன வியாழன், மத்தியானம் சாப்பிட்டுட்டு நித்திரை. மூண்டு மணியிருக்கும், பெரிசாச் சத்தம் போட்டான். ஓடி வந்து பாத்தா நித்திரைதான். மிதிக்கிறன், மிதிக்கிறன் எண்டு மூண்டு தரம். ஆரையடா மிதிக்கிறாய் எண்டு கேட்டன். பேச்சில்லை, ஒருத்தற்ற பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரிக் கிடந்தான். பிறகு சிரிச்சான்."

அந்த அம்மாவுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாது. அவனுக்கும் தெரியாது. கப்பலில் பிறந்த சொல் கப்பலைவிட்டு இறங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

இன்னொன்றும் சொன்னார். மறுநாள் வைத்தியர் கட்டு மாற்ற அவிழ்த்துப் பார்த்துவிட்டு நன்றாக ஏசியிருக்கிறார். பொருந்தி வந்த எலும்பு விலகியிருக்கிறது, இந்தக் காலில் முழுப் பாரத்தையும் ஊன்றி நின்றது யார் சொல்லி என்று கேட்டிருக்கிறார். கட்டிலைவிட்டு அசையவே இல்லை என்று அம்மா மாதாவின்மேல் சத்தியம் செய்தும் அவர் நம்பவில்லையாம். திரும்ப வைத்துக் கட்டினார்கள். ஒட்டியது, ஆனால் கால் நீளத்தில் இரண்டு விரல் அகலம் கட்டையாக ஒட்டியது. அன்ரன் இன்றைக்கும் நொண்டித்தான் நடக்கிறான். அடுத்த வருடம் அந்தக் கப்பல் திரும்ப வந்தபோது அவனை மேலே ஏற விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு நாள் மனம் கேட்காமல் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்கு ஒன்றும் நினைவில்லை, கனவு கண்டதுகூட நினைவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தான், இடையில் ஒரு தரம் காலைத் தடவினான். அவன் அழுவான் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப கழுதைக்காக உடைஞ்ச கால் எண்டில்லை" என்று சொல்லிச் சிரித்தான். "நல்லதுக்குத்தான்ரா போயிருக்கு."

"அவக்கிட்ட சொல்லட்டா?"

"சொன்னியோ, உன்னைக் கொன்றுபோடுவன். நன்றிக்காகக் கலியாணம் கட்டுவாளடா. எனக்கு அப்பிடி வேணாம்."

ஆகவே நான் அவளுக்குச் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். டிலானிக்குப் பாய்க்கப்பல் ஒன்றிலேயே வேலை கிடைத்தது, இப்போது அவள்தான் புதிய பிள்ளைகளுக்குக் கொளுக்கி மாட்டக் கற்றுக்கொடுக்கிறாள். கப்பல் துறைமுகம் சேர்ந்தால் அவளுடைய முதல் போன் கோல் எனக்கு வராது, அன்ரனுக்குத்தான் வரும். போன மாதம் அவனோடு பேசும்போது, கிறிஸ்மஸுக்கு வருகிறேன், உன்னோடு ஒன்று கதைக்க இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்ட நாளிலிருந்து அவன் ஐஸ் பெக்டரியில் பாட்டுப் பாடுகிறானாம், அவனோடு வேலை செய்கிறவர்கள் என்னிடம் முறையிட்டார்கள்.

இத்தோடு முடிந்தால் நானும் ஒரு மாதிரி மறந்திருப்பேன். போன வியாழன் அந்தப் பக்கம் எஞ்சின் ஒன்று பார்க்கப் போனவன், பின்னேரம் மூன்றரை போல அவன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். பின்னேர வேலைக்குப் போக முன் மத்தியானத்தில் ஒரு தூக்கம் போடுவான். மல்லாந்து கிடந்தான். நான் காலைப் பார்த்தேன். பாதம் இரண்டும் தொய்ந்து கிடக்கவில்லை, எதையோ மிதித்துக்கொண்டு நிற்கிறமாதிரி நேராக நின்றன, விரல்கள் வளைந்து எதையோ பிடித்திருந்தன, கெண்டைச் சதை இறுகித் துடித்தது. இரண்டு விரல் கட்டையான அந்த வலது கால், சத்தியமாகச் சொல்கிறேன், இடது காலோடு சரிசமமாக இருந்தது. குதிகால் இரண்டும் ஒரே கோட்டில்.

டிலானியின் கப்பல் இப்போது எந்தக் கடலில் என்று எனக்குத் தெரியாது. பத்து நாளாக அன்ரனுக்கும் அவளிடமிருந்து கோல் இல்லை.

அவனுடைய அம்மா தேத்தண்ணியோடு வந்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவன் தோளைத் தட்டக் குனிந்தார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மகனுடைய காலை ஒரு தரம் பார்த்தார், தேத்தண்ணியைக் கதிரையில் வைத்துவிட்டு என்னோடு நின்றார். எழுப்பினால் அந்த நேரத்தில் டிலானி எந்த உயரத்தில், எந்தக் கயிற்றில் நிற்பாளோ. பெக்டரியில் ஏசினால் ஏசட்டும் என்று, அந்தப் பாதங்கள் தாமாகத் தளரும்வரை நாங்கள் இருவரும் அவனை எழுப்பவில்லை.